‘அரிய வகைப் புதிய பட்டாம்பூச்சி’ என்று தலைப்பிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளைப் பற்றிய செய்திகளுக்கு நாளிதழ்கள் இடம் ஒதுக்குவது நல்ல விஷயம்தான். ஆனால் நகக்கண் அளவுள்ள அந்துப்பூச்சி ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தால், “அரிய வகைப் புதிய பட்டாம்பூச்சி கண்டுபிடிப்பு” என்ற ஒரே தலைப்புக்குள் மூன்று பிழைகள் நுழைந்துவிடுகின்றன. அது பட்டாம்பூச்சி இல்லை. புதியதாக இருப்பதால் மட்டும் அது அரியதாகிவிடாது. கண்ணில் பட்டதையெல்லாம் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் விலங்கியல், வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் இப்போது கைப்பேசியும் மேக்ரோ லென்சுமாக இலை இலையாகத் தேடுகிறார்கள். ஒரு புது இனம் எப்படி ‘புது இனம்’ ஆகிறது என்பதை அவர்களுக்காகவும் உங்கள் செய்தியாளர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் பெயர். குதிரில் கொட்டிய நெல்லில் ‘அந்து விழுந்துவிட்டது’ என்கிறோமே, அந்தச் சாம்பல் வெள்ளைப் பூச்சிதான் அந்து. துணிப்பெட்டிக்குள் போடும் அந்துருண்டைக்கும் இந்த இனத்தாரால்தான் பெயர் வந்தது. நெல் அந்துக்கு அறிவியல் பெயர் சிட்டோட்ரோகா சீரியலெல்லா. 1789-இல் ஆலிவியே என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது. செதில் இறகுப் பூச்சிகளில் இதுவரை பெயர் பெற்றவை ஏறக்குறைய 1,60,000 இனங்கள். பட்டாம்பூச்சிகள் அதில் இருபதாயிரத்தைத் தொடவில்லை. மீதி முழுக்க அந்துப்பூச்சிதான். அவற்றிலும் மிகச் சிறியவையே இன்னும் சரியாகப் பார்க்கப்படாமல் கிடக்கின்றன. ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் எழுதியபோதுகூட, பைரலிட் என்ற குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டார். இலைக்குள் சுரங்கம் போடுபவை, நெல் அந்து, நிலக்கடலைச் சுருள்பூச்சி போன்றவற்றின் குடும்பங்கள் அதில் இல்லை.

அடுத்தது, ‘முதன்முறையாகப் பதிவு’ வேறு, ‘புதிய இனம்’ வேறு. தக்காளி ஊசிப்புழு 2014-இல் இந்தியாவுக்குப் புதிது. மகாராஷ்டிரத்தில்தான் முதலில் தெரிந்தது. ஆனால் அறிவியலுக்கு அது பழசு. பெரு நாட்டிலிருந்து வந்த மாதிரியை வைத்து மெய்ரிக் என்ற ஆங்கிலேயர் 1917-இலேயே ‘ஃப்தோரிமேயா அப்சொலூட்டா’ என்று பெயரிட்டுவிட்டார். இடையில் பல பேரினங்களுக்கு மாறி, ‘டூட்டா’ என்று உலகமெங்கும் பேர் எடுத்து, 2021-இல் சுற்றி வந்து மறுபடியும் ஃப்தோரிமேயாவிலேயே சேர்ந்தது. பூச்சிமருந்துக் கடைகளில் இன்னும் டூட்டாதான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கும் லூசினோட்ஸ் ஆர்போனாலிஸ் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவிலும் கத்தரியைத் துளைப்பது இதுதான் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2015-இல் பிறப்புறுப்பையும் டி.என்.ஏ.வையும் வைத்துப் பார்த்ததில், அங்கே இருப்பவை வேறு என்றும், அவற்றில் பல அதுவரை பெயரே பெறாதவை என்றும் தெரிந்தது. காய்க்குள் உட்கார்ந்து, சந்தைக்குச் சந்தை போய்க்கொண்டிருந்தவை அவை. யார் அவற்றை ‘அரிய வகை’ என்பார்கள்?

இனி வேலைக்கு வருகிறேன். சிறு அந்துப்பூச்சியைத் தேடுகிறவர்கள் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமாவாசையை ஒட்டிய இரவு, காற்றில்லாத இடம், புற ஊதா விளக்கு இருந்தால் நிறையவே வரும். ஆனால் இந்தக் கடற்கரையில் நான் விளக்கைவிட இலையைத்தான் சொல்வேன். விளக்குக்கு வந்த பூச்சி எந்தச் செடியில் வளர்ந்தது என்று தெரியாது. துணியில் உரசிச் செதில் போயிருக்கும். ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். சுரங்கம் போட்ட இலையிலிருந்து வளர்த்தெடுத்தால் ஆணும் பெண்ணும் கிடைக்கும், உணவுச் செடி தெரியும், செதில் கலையாத இறகு கிடைக்கும்.

வீட்டு எலுமிச்சையின் இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். நத்தை ஊர்ந்தது போல வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போகும். அதன் நடுவே மெல்லிய கறுப்பு நூல் போன்றது புழுவின் எச்சம். கோடு இலை விளிம்பில் முடியும் இடத்தில் விளிம்பு லேசாக மடங்கியிருக்கும். அந்த மடிப்புக்குள்தான் கூட்டுப்புழு. ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற இந்தப் பூச்சி இறகை முழுதாக விரித்தாலும் அரை சென்டிமீட்டர்தான் தேறும். 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் விவரித்தது, கல்கத்தாவில் கிடைத்த மாதிரியை வைத்து. புது இனம் தேடுகிறவர் முதலில் இதை வளர்த்துக் கை பழக வேண்டும். பழகிய பிறகு தில்லை, அலையாத்தி, புன்னை, பூவரசு, புங்கம் என்று போகலாம்.

இலையில் கோடு இருந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தக்காளி, தட்டைப்பயறு இலைகளில் வரும் கோடு பெரும்பாலும் ஈயின் வேலை. அதில் எச்சம் நடுக்கோடாக இராது. இரு ஓரமும் மாறி மாறிப் புள்ளியாகக் கிடக்கும். இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால், அந்துப்பூச்சியின் புழுவுக்குப் பழுப்புத் தலை தெரியும், ஈயின் புழுவுக்குத் தலையே இருக்காது. புங்க இலையில் விரல் விரலாக எழும் பருக்களைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்வது.

இலையைக் காம்போடு பறித்து, ஒரு டப்பாவுக்கு ஓர் இலை என்ற கணக்கில் வையுங்கள். காம்பில் ஈரப் பஞ்சு, அடியில் காய்ந்த டிஷ்யூ காகிதம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாம் நாளே மூடியில் நீர் கோத்து இலை பூஞ்சை பிடிக்கும், அதனால் காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். காய விட்டாலும் ஆபத்து, இலை சுருண்டு புழு உள்ளேயே செத்துவிடும். டப்பாவிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் பச்சை மினுமினுக்கும் குட்டிக் குளவி வந்தால் மனம் தளர வேண்டாம். அது புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி. அதையும் 96 சதவீத எத்தனாலில் போட்டு அதே எண்ணைக் கொடுத்து வையுங்கள், பின்னால் அதற்கும் ஒருவர் வருவார். பறித்த செடியின் கிளை ஒன்றையும் பூவோடு அழுத்திக் காயவைப்பது அவசியம். உணவுச் செடியைத் தவறாக எழுதினால் விவரிப்பின் பாதி மதிப்பு போய்விடும். புதுவையில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, செடியின் பெயரை ஊகித்து எழுதத் தேவையில்லை.

தில்லையைத் தொடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்ட வேண்டாம். பிச்சாவரம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. அனுமதி எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடச் சொல்லும் ஆய்விதழ்களும் உண்டு.

கூட்டிலிருந்து வந்த பூச்சியை அன்றே கொல்லக் கூடாது, இறகு இறுகியிருக்காது. இரண்டு நாள் விட்டாலோ டப்பாச் சுவரில் மோதிச் செதிலை உதிர்த்துவிடும். மறுநாள் சிறு குழாயில் பிடித்து, குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரு மணி நேரம் வைத்தால் போதும். எடுத்தவுடன் குழாயைத் திறக்காதீர்கள். வெளிக்காற்றின் ஈரம் சில்லிட்ட பூச்சியின் மேல் படிந்து செதில் ஒட்டிக்கொள்ளும். குழாய் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து, காய்வதற்குள் குத்திவிட வேண்டும். சாதாரணப் பூச்சி ஊசி இதன் மார்பைப் பிளந்துவிடும். மினியூட்டன் எனப்படும், தலையில்லாத 0.15 மில்லிமீட்டர் ஊசிதான் வேண்டும். நடு மார்பில் செங்குத்தாகக் குத்தி, நுரைத் தகட்டின் பள்ளத்தில் இறக்கி, பின்பக்கமிருந்து வாயால் மெல்ல ஊதினால் இறகுகள் தாமாக எழும்பும். எழும்பிய கணத்தில் டிரேசிங் காகித நாடாவை மேலே வைத்து அழுத்திவிட வேண்டும். விரலால் இறகை நகர்த்தினால் அந்தப் பூச்சியை மறந்துவிடலாம்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தெர்மாகோல் மலிவு என்று அதில் குத்தி, உள்ளே அந்துருண்டையையும் போட்டுவிடுகிறார்கள். நாப்தலீன் ஆவி தெர்மாகோலை இளக்கும், சில மாதத்தில் ஊசி சாய்ந்து பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். வேறு நுரை போடுங்கள், மூடி காற்றுப் புகாததாக இருக்கட்டும், சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். கடற்காற்றில் பூஞ்சையும் புத்தகப்பேனும் எறும்பும் மூன்று பக்கமும் காத்திருக்கின்றன.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. படத்தில் இரண்டு பூச்சிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், வயிற்றின் நுனியில் உள்ள பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தால் வேறு வேறு. இறகின் நிறத்தை மட்டும் வைத்துப் புது இனம் எழுதினால் அதை மறுக்க அதிக நாள் ஆகாது. எனவே, பூச்சி நன்றாகக் காய்ந்த பின் வயிற்றைக் கீழிருந்து மேலாக ஊசியால் மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும். 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை நீரில் கரைத்து 100 மில்லி ஆக்கிய கரைசலில் அதைப் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திய குழாயில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். குழாயை நேராகச் சுடரில் காட்டினால் கரைசல் பொங்கித் தெறிக்கும். வயிறும் போகும், கண்ணுக்கும் ஆபத்து. பொறுமை உள்ளவர்கள் சூடே காட்டாமல் இரவு முழுக்க ஊறவிடலாம். குறைவாக ஊறினால் தசை மறைக்கும். அதிகம் ஊறினால் பாகங்கள் கண்ணாடி போலாகி, தொட்டதும் பிரிந்துவிடும்.

பிறகு நீரில் அலசி, மெல்லிய தூரிகையால் செதிலைத் துடைத்து, நுண்ணோக்கியின் கீழ் இரண்டு ஊசிகளால் உறுப்பை வெளியே இழுக்க வேண்டும். ஆணில் பார்க்க வேண்டியவை: பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் வால்வா என்ற இரு தகடுகளின் வடிவம், மேலே கொக்கி போன்ற அன்கஸ், நடுவில் ஃபாலஸ் என்ற குழல், அதற்குள் முள் இருக்கிறதா, எத்தனை. பெண்ணில் விந்தை வாங்கி வைக்கும் பையும், அதன் சுவரில் சிக்னம் என்ற கெட்டிப் பகுதியும். பெண்ணின் பை எத்தனை மெல்லியது என்றால், குளோரசால் பிளாக் சாயம் ஒரு துளி காட்டாவிட்டால் அங்கே பை இருப்பதே தெரியாது. ‘சிக்னம் இல்லை’ என்று அவசரப்பட்டு எழுதுவது இப்படித்தான் நேர்கிறது. ஸ்லைடில் யூபரால் என்ற பிசினில் பதித்து மேல்கண்ணாடி வைத்துவிட்டால் உறுப்பு தட்டையாகிவிடும், பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்காது. எனவே பதிப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படமெடுக்க வேண்டும். ஃபாலஸைத் தனியே பிரித்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஸ்லைடு எண்ணும் ஊசியில் இருக்கும் சீட்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வயிறில்லாத பூச்சி ஒரு பெட்டியிலும் யாருடைய வயிறு என்று தெரியாத ஸ்லைடு இன்னொரு பெட்டியிலும் கிடப்பது நம் கல்லூரி அருங்காட்சியகங்களில் புதிய காட்சி அல்ல.

டி.என்.ஏ.வுக்கு ஒரு கால் போதும். வயிற்றைத் தொடுவதற்கு முன் வலப்பக்கக் கால் ஒன்றைக் கழற்றி எத்தனாலில் போட்டுவிடுங்கள். சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துத் துண்டைத்தான் ‘பார்கோடு’ என்கிறார்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் புது இனம் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. சட்டம் போல அதைப் பிடித்துக்கொள்வது தவறு. இந்தத் துண்டு தாய்வழி மட்டுமே வருவது; உள்ளே குடியிருக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவால்கூடக் கணக்கு குழம்பும். பார்கோடும் உறுப்பும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். வேறு வேறு சொன்னால் இன்னும் மாதிரி சேர்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகுதான் உண்மையான தடை வரும்: பழைய பெயர்கள். எட்வர்ட் மெய்ரிக் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அந்துப்பூச்சிகளை விவரித்தார். இந்தியாவிலிருந்து ஃப்ளெச்சர் போன்ற பூச்சியியலாளர்கள் அனுப்பிய பூச்சிகளும் அவற்றில் உண்டு. அவர் கைலென்சை வைத்துக்கொண்டு இறகைப் பார்த்தே எழுதினார், வயிற்றைப் பிரிக்கவில்லை. மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. கேட்ஸ் கிளார்க் 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக அவற்றைப் படத்தோடு பட்டியலிட்டதால் நாம் பிழைத்தோம். நம் பூச்சியின் பேரினத்தில் இந்தியா மட்டுமல்ல, இலங்கை, மியான்மர், மலேயா வரை உள்ள எல்லாப் பெயரையும் மூல விவரிப்போடு ஒப்பிட வேண்டும். விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னந்தோப்பிலேயே சாட்சி இருக்கிறது. கருந்தலைப்புழுவை வாக்கர் என்பவர் 1864-இல் ஓபிசினா அரெனோசெல்லா என்றார். மெய்ரிக் அதையே 1905-இல் நெஃபாண்டிஸ் செரினோபா என்று புதிதாக எழுதினார். முந்தியதே நிற்கும் என்ற விதிப்படி நெஃபாண்டிஸ் விழுந்தது. ஆனால் அந்தப் புழுவுக்கு எதிராகத் தோப்பில் விடும் ஒட்டுண்ணிக் குளவியின் பெயர் இன்றும் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ். செத்த பெயரைக் குளவி சுமக்கிறது.

புது இனம் எப்போதும் காட்டிலிருந்து வர வேண்டும் என்பதும் இல்லை. 2017-இல் அமெரிக்க அதிபரின் பெயரைப் பெற்ற நியோபால்பா டொனால்ட்ரம்பி, கலிஃபோர்னிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இரவல் வாங்கிய மாதிரிகளைப் புரட்டும்போது கிடைத்தது. தலையில் மஞ்சள் வெள்ளைச் செதில் இருந்ததால் அந்தப் பெயர். நம் பழைய பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம். ‘தென்னார்க்காடு’ என்று சீட்டு இருந்தால் அது 1993-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தியது. இன்றைய கடலூரா விழுப்புரமா கள்ளக்குறிச்சியா என்பதை ஊர்ப் பெயர் இருந்தால்தான் சொல்ல முடியும். ‘பாண்டிச்சேரி’ என்ற ஒற்றைச் சொல் அதைவிட மோசம். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். மாஹே மேற்குக் கடற்கரை, ஏனாம் கோதாவரிக் கரை. புதிய சீட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை, மாதம் எழுத்தில், உணவுச் செடி, பூச்சி வெளிவந்த நாள், சேகரித்தவர் எல்லாம் இருக்க வேண்டும். 5-6 என்று எழுதினால் மேயா ஜூனா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகள் கடுமையானவை. 1999-க்குப் பின் வெளியான எந்த இனப் பெயரும் மூல மாதிரியை, வழக்கமாக ஹோலோடைப் என்ற ஒற்றை மாதிரியை, வெளிப்படையாகக் குறித்து, அது எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மின்வடிவில் மட்டும் வரும் ஆய்விதழ் என்றால், 2012 திருத்தத்தின்படி சூபேங்க் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, பதிந்ததற்கான சான்றும் கட்டுரையிலேயே இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் இதைக் கவனிப்பதில்லை. அப்படி வந்த பெயர் வந்ததாகவே கணக்கில்லை. தில்லையின் பெயரை வைக்க ஆசைப்பட்டால் ‘தில்லையென்சிஸ்’ என்று இலத்தீன் வாலோடு வைக்கலாம். மனிதர் பெயர் என்றால் ஆணுக்கு ‘i’, பெண்ணுக்கு ‘ae’ என்று முடியும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை. ஆனால் துறையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மாதிரியை வீட்டிலோ துறைத்தலைவர் அலமாரியிலோ வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புது இனம் கண்டவர் அதை அரசு நியமித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்கச் சொல்கிறது. 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம். அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டுரை அச்சாகும் முன்பே ஒப்படைத்து, பதிவெண்ணை வாங்கிக் கட்டுரையில் போடுவதுதான் முறை.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை வெளிவராத நிலையில் யாராவது புதுப் பெயரோடு வந்தால் பெயரை அச்சிட வேண்டாம். விவரிப்பு இல்லாமல் உலவும் பெயர் வெற்றுப் பெயராகி, பின்னால் எழுதுகிறவருக்குத் தலைவலி. ‘அடையாளம் காணும் பணி நடக்கிறது’ என்று போட்டால் போதும். வெளிவந்த பின் செய்தி போடும்போது ஆய்விதழின் பெயர், குடும்பம், எந்த ஊரில் எந்தச் செடியில் கிடைத்தது, ஹோலோடைப் எங்கே இருக்கிறது, எத்தனை ஆண் எத்தனை பெண் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஒன்றே ஒன்று’ என்று பதில் வந்தால் தலைப்பின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். படத்தின் கீழே மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றும் இருக்கட்டும். 4 மில்லிமீட்டர்ப் பூச்சியை நான்கு பத்தி அகலத்தில் போட்டால், படிக்கிறவர் வவ்வால் அளவுக்குத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
பூச்சி வகைப்பாட்டில் ஈடுபட்டுள்ள வாசகர்,
கடலூர் முதுநகர்.